ஜப்பான் வீட்டு உத்திரத்தைக் கழுவியது நான்தான்

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. நியூ டவுன் பூங்காவில் என் நாற்காலிக்கு வந்திருக்கும் ஜூனியர் இன்ஜினியர் நிவேதா. அப்பா சேலத்துக்காரர், துறைமுகத்தில் வேலை. பெண் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் கொல்கத்தாவில். தமிழைவிட வங்காளம் சரளமாக வரும்.

"மேடம், ஒரு டவுட். இங்க ஜப்பான் வீட்டுக்கு மாசா மாசம் தேங்கா நார் ரெண்டு மூட்டை, குங்கிலியம் ஒரு டின், துனுச்சி ஒரு டஜன்னு இன்டென்ட் போயிட்டிருக்கு. ஹெரிடேஜ் பில்டிங்குக்கு எதுக்கு மேடம் துனுச்சி?"

துனுச்சி என்றால் வங்காளிகள் பூஜைக்குச் சாம்பிராணி போடுகிற மண் தூபக்கால். காலுள்ள கிண்ணம், மேலே தணலும் நாரும், அதன்மேல் ஒரு பிடி குங்கிலியத் தூள். புகை என்றால் அப்படி ஒரு புகை.

நிவேதா கேட்டது அரை நிமிஷக் கேள்வி. நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் காய்கிற துணியெல்லாம் மழையில் நனைந்துவிட்டது. "இதையெல்லாம் எழுதிக் குடுங்க மேடம், ஃபைல்ல வச்சிடறேன்" என்றாள். ஃபைலில் வைக்கக்கூடிய சங்கதி இதில் பாதிகூட இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் கல்யாணி. அப்பா திருநெல்வேலியிலிருந்து மத்திய அரசு வேலையில் மாற்றலாகி வந்தவர். வங்காளிகள் அக்காவை தி, திதி என்பார்கள், அண்ணனை தா என்பார்கள்; அவர்கள் வாயில் நான் கொல்யாணி தி. பெயரிலேயே கொலை இருக்கிறதே என்று அம்மா வருத்தப்படுவாள். சிவில் டிப்ளமா முடித்து, இருபத்துமூன்று வயதில் அரசுக் கட்டடங்களைப் பராமரிக்கும் பிரிவில் சேர்ந்தேன். அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருஷம் ஒழுகல். டாலிகஞ்ச் குவார்ட்டர்ஸில் மொட்டைமாடி ஒழுகல், பாலிகஞ்சில் கழிவறைக் குழாய் ஒழுகல், மழைக்காலத்தில் எங்கள் அலுவலகமே ஒழுகல். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணி ஏறுவேன். கீழே நிற்கிற ஆண்கள் ஏணியைப் பிடித்துக்கொண்டு யோசனை சொல்வார்கள். என் உத்தியோக வாழ்க்கையின் முதல் முப்பத்தைந்து வருஷத்தை இதற்குமேல் நீட்ட ஒன்றுமில்லை.

ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கும்போது என்னை நியூ டவுன் பூங்காவுக்கு மாற்றினார்கள். ஏரி, படகு, ரோஜாத் தோட்டம், பொம்மை ரயில் எல்லாம் உள்ள பெரிய பூங்கா. அங்கே ஜப்பானில் ஒரு மலையூர், தன் பழைய குடியானவர் வீடு ஒன்றை நம் ஊருக்குப் பரிசாகக் கொடுத்திருந்தது. நூற்றைம்பது வயதான வீடு. அதைப் பிரித்து, ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு, பெட்டி பெட்டியாகக் கப்பலில் அனுப்பியிருந்தார்கள்.

கூடவே சுகிதா என்ற மூத்த தச்சரும் ஐந்து ஆட்களும் வந்து நான்கு மாதம் உட்கார்ந்து பூட்டினார்கள். ஓர் ஆணி கிடையாது. மரத்துக்குள் மரத்தைச் செருகி, வைக்கோல் கயிற்றால் கட்டி, மேலே நாணலை அடுக்கி அடுக்கி வேய்ந்தார்கள். கூரையின் கனம் மட்டும் என் கை நீளத்துக்கு இருந்தது. நடுக்கூடத்தில் தரையில் சதுரமாக வெட்டிய அடுப்பு. உள்ளே எல்லாம் கறுப்பு. தூண், உத்திரம், மூங்கில், கயிறு எதைப் பார்த்தாலும் தார் பூசினதுபோல ஒரு மினுமினுப்பு.

முதல் மழை பெய்த அன்று நான் உள்ளே போய் நின்றேன். வெளியே கொட்டோ கொட்டு என்று கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒழுகாத கூரையை வேலையில் சேர்ந்து அன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். அந்த நிமிஷமே அந்த வீட்டின்மேல் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

இதோடு இன்னொன்றும் வருவதாக இருந்தது. அந்த வீட்டுக்குச் சொந்தமான வாசல் வீடு. நடுவில் மாட்டு வண்டி நுழைகிற அளவுக்குப் பெரிய கதவு, இரண்டு பக்கமும் ஆள் தங்குகிற அறை, மேலே கூரை. வாசலே ஒரு வீடு. முதலில் வந்த வீட்டை நாம் ஒழுங்காக வைத்திருக்கிறோமா என்று பார்த்து சுகிதா கையெழுத்துப் போட்டால்தான் அது கப்பல் ஏறும். அந்தக் கதவு நம் பூங்காவில் திறப்பதைப் பார்த்துவிட்டு ஓய்வு பெற வேண்டும் என்று நான் முடிவு செய்துவிட்டேன். உத்தியோகத்தில் நான் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

இனி என் மேலதிகாரி. சக்கரவர்த்தி சாகேப். ஒல்லி, உயரம், இஸ்திரி கலையாத சட்டை. ஆய்வுக்கு வந்தால் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போடுவார். பிறகு வலது பக்கமாகச் சுற்றத் தொடங்குவார். ஜன்னல் விளிம்பு, கதவின் மேல்பக்கம், மின்விசிறி இறகு என்று யாரும் நினைக்காத இடமாகப் பார்த்து ஆள்காட்டி விரலை ஓட்டுவார். பிறகு அந்த விரலை நம் முகத்துக்கு நேரே நீட்டுவார். திட்ட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். விரலிலிருக்கும் தூசியை நாம் நன்றாகப் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்து, "நோங்ரா" என்பார். அழுக்கு என்று அர்த்தம். அப்புறம் ரொம்ப மிருதுவாக, "கீ கொரா ஜாய்?" என்ன செய்யலாம் என்று கேட்பார். அப்படிக் கேட்டால் அவர் மனதில் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார், அதை நம் வாயால் சொல்ல வைக்கிறார் என்று பொருள். நாங்கள் இதற்குப் பழகியிருந்தோம்.

வீடு பூட்டி முடிந்ததும் சுகிதாவும் ஆட்களும் இரண்டு வாரம் ஊருக்குப் போனார்கள். திறப்பு விழாவுக்கு மந்திரி வருவதாக முடிவாகியிருந்தது. சாகேப் வந்தார். கடிகாரத்தைக் கழற்றினார். ஏணி ஏறி நடு உத்திரத்தில் விரலை ஓட்டி, இறங்கி வந்து என்னிடம் நீட்டினார். விரல் முழுக்கக் கறுப்பு.

"நோங்ரா" என்றார். "மந்திரி வெள்ளை வேட்டி கட்டிட்டு வருவாரு, கொல்யாணி. கீ கொரா ஜாய்?"

எனக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. "கழுவிடலாம் சார்" என்றேன்.

முப்பத்தைந்து வருஷம் மந்திரி வருகைக்கு முந்தின வாரம் கழுவிக் கழுவிப் பழகிய வாய். சுண்ணாம்பு அடிப்பது, செடித் தொட்டிக்குக் காவி பூசுவது, கழுவுவது. பெரிய மனிதர் வருகிறார் என்றால் எங்கள் கை தானாகவே வாளியைத் தேடும்.

எட்டு ஆட்கள், நான்கு நாள். சலவை சோடாவை வெந்நீரில் கரைத்தோம். தேங்காய் நாரால் தேய்த்தோம். வாளி வாளியாகக் கறுப்புத் தண்ணீர் இறங்கியது. இரண்டாம் நாள் உத்திரத்தின் உள்நிறம் தெரிந்தது. தேன் நிறம்! தலைமைத் தோட்டக்காரர் ஷிபு தா ஏணி உச்சியிலிருந்து, "திதி, உள்ள தங்கம் இருக்கு!" என்று கத்தினார். எல்லோரும் கைதட்டினோம். கூரையின் உள்பக்கம், கயிறு, மூங்கில் எதையும் விடவில்லை. கடைசியில் இரண்டு கை வார்னிஷ் அடித்தேன். அதையும் என் யோசனையில்தான் செய்தோம். சாகேப் வந்து விரலை ஓட்டினார். விரல் சுத்தமாக இருந்தது. "கூப் பாலோ" என்றார், ரொம்ப நன்று என்று. அவர் வாயால் அந்தப் பாராட்டை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

விழாவுக்கு முந்தின நாள் சுகிதா திரும்பி வந்தார். வாசலில் காலணியைக் கழற்றினார், உள்ளே வந்தார், நிமிர்ந்து பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கூட வந்த மொழிபெயர்ப்பாளப் பெண் மௌமிதா பயந்துபோய், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். அவர் தலையசைத்து மறுத்துவிட்டு எழுந்தார். உத்திரத்துக்கு எதிரே நின்று இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். மன்னிப்புக் கேட்கிறார் என்று மௌமிதா என் காதில் சொன்னாள். யாரிடம் என்றேன். "உத்திரத்துகிட்ட, திதி" என்றாள்.

பிறகு அவர் சொன்னதை அவள் ஒவ்வொரு வாக்கியமாக வங்காளத்தில் சொன்னாள். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை. நடுக்கூடத்து அடுப்பில் நூற்றைம்பது வருஷம் எரிந்த விறகின் புகை. அந்தப் புகைதான் நாணலை உலர வைக்கிறது, பூச்சியை விரட்டுகிறது, வைக்கோல் கயிற்றை இறுக்குகிறது. அதைக் கழுவினால் வீட்டின் தோலை உரித்ததாக அர்த்தம். உங்கள் ஊர் ஈரத்துக்கு இந்தக் கூரை இனி இரண்டு மழைக்காலம் தாங்கினால் அதிகம்.

"யாரு கழுவினதுன்னு கேக்கறார்" என்றாள் மௌமிதா.

சாகேப் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "கான்ட்ராக்டர் ஆளுங்க" என்றார் சாகேப். நான் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

சுகிதா அதிகம் பேசவில்லை. டிசம்பரில் வருவேன், அடுப்பை மூட்டிப் புகை போடுங்கள், உத்திரம் மறுபடி கறுக்கத் தொடங்கியிருந்தால் வாசல் வீடு வரும், இல்லையென்றால் இந்த வீட்டையும் பிரித்து எடுத்துப் போய்விடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஜனவரியில் ஓய்வு.

அடுப்பு மூட்டுவது என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். நாணல் கூரை, பொதுமக்கள் வந்துபோகிற இடம், நடுவே திறந்த அடுப்பு. தீ அனுமதி தருகிற அதிகாரி தத்தா பாபு என் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "திதி, உங்க உடம்பு நல்லா இருக்கா?" என்று அக்கறையாக விசாரித்தார். ஏப்ரலில் ஒரு மறுப்பு, ஜூனில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று. மூன்றாவது கடிதத்தில் பூங்காவுக்குள் பீடி பிடிப்பதையும் சேர்த்துத் தடை செய்திருந்தார். ஷிபு தா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இதற்கிடையில் மழை பிடித்துக்கொண்டது. ஜூலையில் கூரையின் வடபக்கம் காளான் முளைத்தது. சின்னப் பொத்தான் அளவுக்கு, வரிசையாக, அழகாக வேறு இருந்தது. உத்திரத்திலிருந்து மாவு மாதிரி மரத்தூள் உதிர்ந்தது. வண்டு உள்ளே குடி வந்துவிட்டது. கயிற்றை அழுத்தினால் விரல் உள்ளே போனது. ஆகஸ்டில் ஒரு நாள் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். ஒழுகல். என் ஆயுளில் பார்த்த ஒரே ஒழுகாத கூரையை என் கையாலேயே ஒழுக வைத்திருந்தேன். அன்று அந்த அடுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து, யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு அழுதேன்.

செப்டம்பரில் விஸ்வகர்மா பூஜை. கொல்கத்தாவில் ஸ்பானர் பிடிக்கிற கை எதுவும் அன்று வேலை செய்யாது. எங்கள் ஆட்கள் வருஷா வருஷம் கருவிக் கொட்டகையில் சாமி வைப்பார்கள். அந்த வருஷம் கொட்டகைக்குள் முழங்கால் தண்ணீர். "ஜப்பான் வீட்டு முன்கட்டுல வச்சுக்கலாமா திதி?" என்று ஷிபு தா கேட்டார். வீடே போகப் போகிறது, சாமியாவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று சரி சொன்னேன். விஸ்வகர்மா யானையோடு வந்து ஜப்பான் வீட்டில் உட்கார்ந்தார். சுத்தியல், கடப்பாரை, புல் வெட்டும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். பிரதம விருந்தாளி யார்? தத்தா பாபு. வருஷா வருஷம் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

தாக்கு என்கிற வங்காளப் பூஜை மேளம் தொடங்கியது. ஷிபு தா இரண்டு கையிலும் துனுச்சியை எடுத்துக்கொண்டு ஆடத் தொடங்கினார். புகை குபுகுபுவென்று எழும்பியது. தத்தா பாபு கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தவர், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு ஒரு துனுச்சியை வாங்கிக்கொண்டு தானும் ஆடினார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அப்படி ஆடுவார் என்று யாரும் நினைக்கவில்லை. நான் அவரைப் பார்க்கவில்லை. புகையைப் பார்த்தேன். புகை நேரே மேலே போய், உத்திரத்தைச் சுற்றி, நாணலுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. ஒரு வண்டு தொப்பென்று என் காலடியில் விழுந்தது.

மேளம் நின்றதும் ஓடினேன். "தத்தா பாபு, உங்க கையில இருக்கறது என்ன?"

"துனுச்சி."

"உள்ள என்ன இருக்கு?"

குனிந்து பார்த்தார். "தணல்."

"அது தீ இல்லையா?"

"அரே, என்ன திதி பேசறீங்க!" என்று அவர் மெய்யாகவே கோபித்துக்கொண்டார். "இது பூஜோ!"

"தினம் பூஜை பண்ணினா?"

உத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூன்று கடிதமும் அவர் கண்ணில் ஒவ்வொன்றாக வந்து போனது எனக்குத் தெரிந்தது. கடைசியில், "நான் யாரு திதி சாமி கும்பிடறதைத் தடுக்க?" என்றார். "மணல் வாளி பத்து வைங்க. குழாயில எப்பவும் தண்ணி இருக்கணும். ஆள் இல்லாம ஒரு துனுச்சிகூட இருக்கக் கூடாது. அடிக்கடி வந்து பார்ப்பேன்." பார்த்தார். அதற்குப்பிறகு அவர் வராத வாரமே கிடையாது. வந்தால் ஒரு ஆட்டம் ஆடாமல் போனதும் கிடையாது.

மூன்று மாதம் இருந்தது. முதல் வேலை என் வார்னிஷை எடுப்பது. வார்னிஷ் மேல் புகை ஒட்டாது. உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால், மரம் காயப்படாமல், மெல்லிய சுருளாகச் சீவி எடுத்தோம். பதினோரு நாள். முகட்டுப் பக்கத்தை நானே ஏறிச் சீவினேன். பிறகு துனுச்சி. தேங்காய் நாரை நன்றாகப் பிரித்து உதிர்த்து, அடியில் தணல் வைத்து, ஊதி, நார் புகைய ஆரம்பித்ததும் குங்கிலியத்தைத் தூவ வேண்டும். நாரை அழுத்தி அடைத்தால் அணைந்துவிடும், ஊதுவது அதிகமானால் சுடர் பிடிக்கும். சுடர் கூடவே கூடாது. பன்னிரண்டு துனுச்சிகளை உத்திரத்துக்கு நேர் கீழே, தரையிலிருந்து எடுக்காமல், வரிசையாக வைப்போம். ஜன்னலை அடைத்துவிட்டு, வாசலில் இரண்டு பேர் மணல் வாளியோடு நிற்பார்கள். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம்.

தினமும் புகை நாற்றத்தோடு டாலிகஞ்ச் மெட்ரோவில் இறங்கி வீட்டுக்குப் போவேன். என் வீட்டுக்காரர் பாலிகஞ்சில் அப்பளம், முறுக்கு, காப்பித்தூள் விற்கிற கடை வைத்திருக்கிறார். கதவைத் திறந்தவர் மூக்கை உறிஞ்சினார்.

"என்ன, ஆபீஸ் போயிட்டு வாரியா, கோயிலுக்குப் போயிட்டு வாரியா?"

"ஆபீஸ்தான். பூஜை பண்ணிட்டு வாரேன்."

"அவ்வளவு பயமா ரிட்டயர்மென்டுக்கு?" என்றார்.

பூங்காவுக்கு வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? உள்ளே போகக் காலணியைக் கழற்ற வேண்டும், புகை வருகிறது, தாக்கு மேளம் கேட்கிறது, கூரையோ கோபுரம்போல உயரம். இரண்டே வாரத்தில் அது கோயிலாகிவிட்டது. அடுப்பில் செம்பருத்தி விழுந்தது. தேர்வுக்குப் போகிற பிள்ளைகள் பேனாவை உத்திரத்துக்குக் காட்டிவிட்டுப் போனார்கள். ஒரு அம்மாள் ஒரு தட்டு சந்தேஷ் இனிப்பு கொண்டுவந்து, "ஜப்பானி மா-வுக்கு" என்று, ஏதோ அம்மனுக்குக் கொடுப்பதுபோலக் கொடுத்தாள். பையனுக்கு வேலை கிடைத்துவிட்டதாம். இங்கே எந்த அம்மனும் இல்லை, இது பராமரிப்பு வேலை என்று சொன்னேன். "தெரியும் தெரியும்" என்று கண்ணடித்துவிட்டுப் போனாள். சந்தேஷ் நன்றாக இருந்தது.

துர்கா பூஜைக்கு முன்னால் பூங்காவில் துனுச்சி ஆட்டப் போட்டி அறிவித்தேன். ஒத்திகை நடத்த இடம் ஜப்பான் வீடு, பத்துப் பத்துப் பேராக. நியூ டவுன் அடுக்குமாடிகளிலிருந்து ஐ.டி. பிள்ளைகள், எதிர்வீட்டு மாஷிமா என்கிற பெரியம்மாக்கள், ஒரு பல் டாக்டர், எல்லோரும் வந்தார்கள். தத்தா பாபு நடுவர். அந்தப் பத்து நாளில் உள்ளே ஆள் முகம் ஆளுக்குத் தெரியவில்லை. நானும் ஆடினேன். ஐம்பத்தொன்பது வயதில், கண்ணில் நீர் வழிய, இருமிக்கொண்டே ஆடினேன். உத்திரம் தேன் நிறத்திலிருந்து வெல்ல நிறத்துக்கு வந்தது.

காளி பூஜை கழித்து சாகேப் ஆய்வுக்கு வந்தார். அதுவரை அவரிடம் எதையும் தெளிவாகச் சொல்லவில்லை. கடிகாரத்தைக் கழற்றினார். வலது பக்கமாகச் சுற்றினார். ஏணி ஏறி உத்திரத்தில் விரலை ஓட்டி, இறங்கி வந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். பழுப்பும் கறுப்புமாக விரல் நுனியில் பிசுபிசுப்பு. நாங்கள் இரண்டு பேரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நோங்ரா" என்றார் சாகேப். "கூப் பாலோ நோங்ரா!" சொல்லிவிட்டுத் தன் வெள்ளைச் சட்டைப் பையிலேயே விரலைத் துடைத்துக்கொண்டார்.

டிசம்பரில் சுகிதா வருகிற நாள். காலை எட்டு மணிக்கு நான் போய்ச் சேர்ந்தால், வீட்டு வாசலில் சாகேப் இரண்டு கையையும் விரித்துக் கதவை மறித்துக்கொண்டு நிற்கிறார். எதிரே துப்புரவு ஆட்கள் பதினைந்து பேர், கையில் வாளி, சோப்பு, நார். வெளிநாட்டு விருந்தாளி வருகிறார் என்று கேள்விப்பட்டுத் தாங்களாகவே வந்துவிட்டார்கள். "ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போனாலும் எல்லாரையும் டார்ஜிலிங்குக்கு மாத்திடுவேன்!" என்று சாகேப் கத்தினார். அவர் கத்தி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். வாளிகளோடு அவர்கள் வெளியே புல்வெளியில் உட்கார்ந்தார்கள், ஒருவேளை மனம் மாறினால் உதவுமே என்று.

பத்து மணிக்கு சுகிதா, மௌமிதாவோடு வந்தார். காலணியைக் கழற்றினார். அவர் மேலே பார்ப்பதற்கு முன்னால் நான் குறுக்கே போய் நின்றேன். இரவெல்லாம் மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துவிட்டது.

"மௌமிதா, அவர்கிட்ட சொல்லு. கழுவினது கான்ட்ராக்டர் இல்ல. கழுவலாம்னு சொன்னது நான். வார்னிஷ் அடிச்சதும் நான்தான்."

சாகேப் பக்கத்தில் வந்து நின்றார். "நானும்தான். விரலை நீட்டினது நான்" என்றார்.

மௌமிதா சொல்லி முடித்ததும் சுகிதா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாக ஏதோ சொன்னார். மௌமிதா மொழிபெயர்க்க ஆரம்பித்து, நிறுத்தி, அவரிடம் திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

"இவர் இருபது வயசுல அவங்க ஊர்ல வேலைக்குச் சேர்ந்தப்ப, ஒரு பெரிய மனுஷர் பழைய கட்டடங்களைப் பார்க்க வந்தாராம். முந்தின வாரம் இவரே தனியா நின்னு ஒரு கட்டடத்தை மேலேருந்து கீழ வரைக்கும் கழுவினாராம். உங்களுக்கு அனுப்பறதா இருக்கற அந்த வாசல் வீட்டைத்தான். பழையபடி கறுக்க நாப்பது வருஷம் ஆச்சாம். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லையாம்."

முதலில் சிரித்தது சாகேப். அப்புறம் நான். பிறகு சுகிதா வாயைக் கையால் மூடிக்கொண்டு, தோள் குலுங்க, அந்த அடுப்பின் ஓரத்திலேயே உட்கார்ந்து சிரித்தார்.

ஆனால் சிரிப்பு வேறு, வேலை வேறு. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஏணி கேட்டார். கைமரம், கயிறு, மூங்கில் ஒவ்வொன்றாகத் தடவினார், முகர்ந்தார். குங்கிலிய வாசனையில் இரண்டு முறை தும்மினார். கால் மணி நேரம். சாகேப் கழற்றிய கடிகாரத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

இறங்கி வந்து, பையிலிருந்து சம்மதக் கடிதத்தை எடுத்து அடுப்பு விளிம்பில் விரித்தார். ஜப்பானில் கையெழுத்துக்குப் பதில் முத்திரைதான் போடுவார்கள். விரல் கனத்தில் ஒரு மரக்கட்டை, அதன் முனையில் பெயர் செதுக்கியிருக்கும். கூடவே சிவப்பு மைப் பெட்டியும் எடுத்தார். மைப் பெட்டியைத் திறக்கப் போனவர், திறக்காமல் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டார். முத்திரைக் கட்டையோடு மறுபடியும் ஏணி ஏறினார். நடு உத்திரத்தின் அடிப்பக்கத்தில் அதை வைத்து அழுத்தி, வட்டமாகத் தேய்த்தார். இறங்கி வந்து காகிதத்தில் ஊன்றினார்.

எடுத்தபோது பாதி எழுத்துதான் வந்திருந்தது. ஒரு பக்கம் வெறும் காகிதம்.

அவர் தலையைச் சாய்த்து அதைப் பார்த்தார். மூன்றாம் முறை ஏணி ஏறினார். இந்தத் தடவை கொஞ்சம் தள்ளி, ஷிபு தாவும் தத்தா பாபுவும் நானும் ஆடிய இடத்துக்கு நேர் மேலே தேய்த்தார். நிதானமாக, வெகுநேரம். இறங்கினார். பாதி முத்திரைக்குப் பக்கத்தில் ஊன்றி, எடை முழுக்கச் சாய்த்து அழுத்தி, எடுத்தார்.

பழுப்பு நிறத்தில், விளிம்பு வட்டம்கூடச் சிதையாமல், முழுப் பெயரும் வந்திருந்தது.

காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து என்னிடம் நீட்டினார். அதற்குப்பிறகு அங்கே யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. செருப்பில்லாமல் வெளியே ஓடினேன். புல்வெளியில் வாளிகளோடு உட்கார்ந்திருந்த ஆட்கள், ஷிபு தா, எப்போதோ வந்து ஒதுங்கி நின்றிருந்த தத்தா பாபு, எல்லோரும் எழுந்து நின்றார்கள். முப்பத்தாறு வருஷம் அலுவலகத்தில் வங்காளத்தில் மட்டுமே பேசிய நான், கடிதத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வந்துடுச்சு! வாசல் வீடு வருது! வருதுய்யா, வருது!" என்று அடித்தொண்டையில் தமிழில் கத்தினேன்.

அங்கே இருந்த ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஆனால் ஒருவர்கூட என்னவென்று கேட்கவில்லை. பதினைந்து வாளியும் ஒன்றாக வானத்தில் பறந்தன.